மோதிரத்தைக் கழற்றச் சொல்லும் க்ரீம்

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். மகளுக்கு 22 வயது, கல்யாணப் பேச்சு நடக்கிறது. எட்டு மாதமாக ஒரு வெளிநாட்டு க்ரீமை ராத்திரி முகத்தில் தடவுகிறாள். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது. இப்போது ஒரு நாள் விட்டாலும் எரிச்சல், சிவப்பு. பத்து நாளாகக் காலையில் இமை வீங்குகிறது, சாயந்திரம் கால் வீங்குகிறது. டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எதுவும் இல்லை. தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரசாயனங்களுக்குத் தடை, இந்தியாவில் தடையே இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அது உண்மையா? இங்கேயும் தடை உண்டு என்றால் கடையில் எப்படி விற்கிறார்கள்? எங்களுடையது ஒரே அறை வீடு. மூன்று வயதுப் பேரனும் அவளோடுதான் தூங்குகிறான்.

பதில்: அம்மா, சட்டத்தைப் பிறகு பேசலாம். இன்று ராத்திரியே க்ரீமை நிறுத்திவிட்டு, நாளைக் காலை மகளை சயான் ஆஸ்பத்திரிக்கோ பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். நான் தோல் மருத்துவர்தான். ஆனால் இவளுக்கு முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை. காலையில் இமையிலும் மாலையில் காலிலும் வீக்கம் என்றால், உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். சிறுநீர் போகும்போது நுரை வந்து கலையாமல் நிற்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே புரதம் தெரிந்துவிடும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதமும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவும் எவ்வளவு என்று பார்ப்பார்கள், ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். பாதரச அளவையும் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டால் பெண்கள் பதில் சொல்லிவிடுவார்கள். என்ன தடவுகிறேன் என்பதை யாரும் தானாகச் சொல்வதில்லை. அதற்காக மகளைத் திட்டாதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பேசாத வீட்டுப் பெண் யாரும் இந்தக் காரணத்துக்காக என்னிடம் வந்ததில்லை.

பாதரசம் என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியால்தான். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும், எந்த நகைப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். நகையில் படாமல் தடவு என்று ஒரு முக க்ரீம் சொன்னால், உள்ளே பாதரச உப்பு இருக்கலாம் என்று பொருள். மோதிரம் கெடும் என்று எச்சரித்தவர்கள் முகத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இத்தனை வருடம் ஆகியும் இப்படி ஒரு டப்பாவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாக ஒரு நொதி வேண்டும். பாதரசம் அதை முடக்கிவிடும். அதனால்தான் முகம் அவ்வளவு வேகமாக வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்காது. உள்ளே இறங்கி, முக்கியமாகச் சிறுநீரகத்தில் சேரும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே, புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு மிக அரிதான ஓர் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் தடவியவர்கள். அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்தான் உங்களுக்கும்: க்ரீமை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் புரத ஒழுக்கு குறைந்துவிடுகிறது.

ஒரு நாள் விட்டால் எரிகிறது என்பது இன்னொரு சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு ஒரு மருந்து, அழகுசாதனத்தில் அதற்கு இடமே இல்லை. மருந்துக்கடையில்கூடச் சீட்டு இல்லாமல் கிடைக்கக் கூடாது என்று 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை 'எச்'-இல் சேர்த்தார்கள். நிறுத்தியதும் சில வாரங்களுக்கு முகம் சிவக்கும், எரியும், பரு கிளம்பும். பயந்துபோய்த் திரும்பவும் அதே க்ரீமைத் தடவிவிடக் கூடாது. பலரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எலுமிச்சை, மஞ்சள், கடலை மாவு எதுவும் வேண்டாம். வாசனை சேர்க்காத வாசலைன் போதும். மற்றதைத் தோல் பிரிவில் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, இப்போது சட்டம். வாட்ஸ்அப்பில் வந்தது பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் ஆயிரத்துக்கு மேல் பொருள்கள் இருப்பது நிஜம்தான். ஆனால் அதில் நிகோடின், எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் போன்றவையும் உண்டு. யாரும் முக க்ரீமில் போட நினைக்காதவை. அதனால் பட்டியலின் நீளத்தை வைத்து மட்டும் ஒரு நாட்டை அளக்க முடியாது. இந்தியாவில் தடையே இல்லை என்பது சுத்தப் பொய். அழகுசாதனத்தில் சேர்க்கக் கூடாத பொருள்களைச் சொல்வதற்கென்றே நம் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்-இன் ஐஎஸ் 4707, இரண்டாம் பகுதி இருக்கிறது. நிறமூட்ட ஈயம், ஆர்செனிக் சேர்மங்களைச் சேர்க்கக் கூடாது. 2020-ன் அழகுசாதன விதிகளின்படி பாதரசத்தை வேண்டுமென்று கலக்கவே கூடாது. தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது ஆயிரம் கிலோ க்ரீமில் ஒரு கிராம். கண்ணுக்கு மட்டும் பயன்படும் பொருளுக்கு 70 பங்கு வரை விலக்கு உண்டு. உலக அளவிலும் பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. பாதரசம் சேர்த்த அழகுசாதனத்தை 2025-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று 2023-ல் அதில் முடிவெடுத்தார்கள். இந்தியாவும் அதில் ஒரு நாடு.

அப்புறம் எப்படி உங்கள் கைக்கு வந்தது? நம்முடைய குறை பட்டியலில் இல்லை, கடையில் இருக்கிறது. ஒழுங்காக உரிமம் எடுத்த கம்பெனியைச் சட்டம் எட்டிப் பிடிக்கும். பெட்டியில் வந்து, ரயில் நிலைய வாசலிலும் பார்லரிலும் கைமாறும் டப்பாவுக்கு ஊரும் இல்லை பேரும் இல்லை. இறக்குமதியான அழகுசாதனம் என்றால் அதன் மேல் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். இங்கேயே தயாரானது என்றால் உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். எதுவானாலும், மிகச் சிறிய டப்பாக்களைத் தவிர, சேர்மானப் பட்டியல் கட்டாயம். இவை இல்லாத டப்பாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டிய தேவையே இல்லை, வாங்காதீர்கள். பட்டியல் இருந்தால் 'மெர்க்குரி', 'கலோமெல்', 'மெர்க்குரஸ் குளோரைடு' என்ற பெயர்களைத் தேடுங்கள். எல்லாம் பாதரசம்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். 1940-ன் மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டம், பிரிவு 26-இன்படி, காசு கொடுத்து வாங்கிய யாரும் அந்தப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கக் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்ட அறிக்கை தருவார்கள். மகாராஷ்டிராவில் இதைக் கவனிப்பது எஃப்.டி.ஏ. என்கிற உணவு, மருந்து நிர்வாகம். புகாரையும் அங்கேயே எழுதிக் கொடுங்கள். மராத்தி வராவிட்டால் எழுத வரும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கடை எது, எந்தத் தேதியில் வாங்கியது, என்ன விலை என்று இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் டப்பாவைக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்தப் புகார் நிற்காது.

அதுவரை டப்பாவை இறுக மூடி, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி, அடுப்பங்கரைக்கும் பேரனுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். பாதரச ஆவி காற்றிலும் கலக்கும், கையிலும் துணியிலும் ஒட்டும். அவளுடைய தலையணை உறை, துண்டு, போர்வையைத் தனியாகத் துவையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேரன் காரணமில்லாமல் சிடுசிடுக்கிறானா, அதிகம் வேர்க்கிறதா, உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிகிறதா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் மகளோடு அவனையும் அழைத்துப் போய், அதே நாளில் அவனுடைய சிறுநீரையும் சோதிக்கக் கொடுங்கள்.