எவர் பெயரில், எவர் செலவில்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே மாணவர் இதழ் ஒரு வேட்பாளரை ஆதரித்துத் தலையங்கம் எழுதியதாம். துறைத் தலைவர் ஒருவர் துறையின் மின்னஞ்சலில் வாக்குக் கேட்டதற்கோ நிர்வாகம் கண்டித்ததாம். இது என்ன நியாயம்? இங்கே ஒரு கல்லூரிப் பேருந்து, கண்ணாடியில் கட்சிக் கொடி கட்டி, கூட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குழித்துறைப் பாலத்தைக் கடந்ததை நானே பார்த்தேன்.
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வரிவிலக்குப் பெற்ற கல்வி நிறுவனம் தேர்தலில் நிற்கும் எவரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்னும் விதி, பின்னாளில் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சன் செனட்டராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் 1954இல் அந்நாட்டு வரிச் சட்டத்தில் சேர்ந்தது. மீறினால் விலக்கே பறிபோகலாம். செலவிட்ட தொகைக்குத் தனி வரியும் உண்டு. ஆனால் இவ்விதி கட்டுவது நிறுவனத்தைத்தான். அங்கே பணிபுரிவோரின் சொந்தக் கருத்தை அன்று.

மாணவர் இதழுக்குப் பல்கலைக்கழகம் இடமும் பணமும் தந்தாலும், எதை எழுதுவது என்பதை மாணவர்களே முடிவு செய்வதால், அத்தலையங்கம் நிறுவனத்தின் கருத்தாகாது என்று வரித்துறை 1972லேயே தெளிவுபடுத்திவிட்டது. துறைத் தலைவரும் தம் வீட்டு முற்றத்தில் நின்று வாக்குக் கேட்டிருந்தால் எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். துறையின் மின்னஞ்சல் அவருடைய முற்றம் அன்று. வரித்துறை 2007இல் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு இன்னும் கறாரானது: பல்கலைக்கழகத் தலைவர், முன்னாள் மாணவர்களுக்கான இதழில் தாம் எழுதும் பத்தியில், 'இது என் சொந்தக் கருத்து' என்று சொல்லியே ஒருவரை ஆதரிக்கிறார், அப்பத்திக்கான அச்சுச் செலவையும் தம் பையிலிருந்தே கொடுத்துவிடுகிறார். அப்போதும் அது விதிமீறலே, ஏனெனில் இதழ் நிறுவனத்தினுடையது.

நீங்கள் கண்ட பேருந்தை இந்த அளவுகோலால் அளந்தால், கட்சிக் கொடியைவிட வாடகை ரசீதே முக்கியம். எல்லாக் கட்சிக்கும் ஒரே வாடகைக்கு விடுவதானால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஒருவருக்கு மட்டும் இலவசமாக விட்டால் அது நிறுவனம் அளித்த உதவி. ஆனால் இது அமெரிக்க அளவுகோல். நம் நாட்டுச் சட்டம் வேறு என்பதால், அந்தப் பேருந்து இங்கே விதியை மீறியதா என்பதற்கு இதை விடையாகக் கொள்ள வேண்டாம்.

உங்கள் மகள் அங்கே ஊதியமின்றித் துண்டறிக்கை கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டு மாணவி என்பதால் வேட்பாளருக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. அது வரிச் சட்டமன்று, தேர்தல் சட்டம்.