இணைகோடா? இடப்பக்கத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: மகள் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். '2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற கோட்டுக்கு இணையாக, (6, −1) வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க' என்ற கணக்குக்கு அவளுக்கு 2எக்ஸ் − ஒய் − 13 = 0 வருகிறது. விடைப்பட்டியலில் 2எக்ஸ் + 3ஒய் − 9 = 0. எங்கே சறுக்குகிறாள்?

பதில்: கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. சாய்வை எடுத்த இடத்தில்தான் பிசகு. எக்ஸுக்கு முன்னால் 2 நிற்கிறதே என்று அதையே சாய்வாக எடுத்துவிட்டாள். ஒய் தனியாக நின்றால்தான் எக்ஸின் கெழு சாய்வாகும். 3ஒய் = −2எக்ஸ் + 12 என்று மாற்றி 3ஆல் வகுத்தால் ஒய் = −(2/3)எக்ஸ் + 4. ஆகவே சாய்வு −2/3.

உண்மையில் இந்தக் கணக்குக்குச் சாய்வே வேண்டாம். இணைகோடு என்றால் இடப்பக்கம் அப்படியே இருக்கும், வலப்பக்க எண் மட்டும் மாறும். 2எக்ஸ் + 3ஒய் என்பதில் (6, −1)ஐப் போடுங்கள்: 12 − 3 = 9. கோடு 2எக்ஸ் + 3ஒய் = 9. ஒரே வரி. 9ஐ இடப்பக்கம் கொண்டுவரும்போது −9 ஆவதை மட்டும் மறக்கக் கூடாது. பாதிப் பேர் அங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

நம்பிக்கை வர வரைபடத்தாளில் ஒருமுறை போடச் சொல்லுங்கள். பழைய கோட்டில் (6, 0), (3, 2), (0, 4). புதிய கோட்டில் (6, −1), (3, 1), (0, 3). இரண்டிலும் இடப்புறம் 3 கட்டம் போனால் மேலே 2 கட்டம் ஏறுகிறது. எங்கே பார்த்தாலும் புதியது ஒரு கட்டம் கீழே.

அதற்காக இரண்டுக்கும் உள்ள தூரம் 1 என்று எழுதிவிடாதீர்கள். தூரத்தைக் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும்: வலப்பக்க எண்களின் வித்தியாசம் 3, அதைக் கெழுக்கள் 2, 3 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்த √(4 + 9)ஆல், அதாவது √13ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.83. தென்னந்தோப்பில் வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். வேலி 3எக்ஸ் + 4ஒய் = 0 கோட்டில் போகிறது, அளவு அடியில் என்று கொள்வோம். 25 அடி தள்ளி முதல் வரிசைக்குக் குழி எடுக்க 3எக்ஸ் + 4ஒய் = 25 என்று எழுதினால், வரிசை வேலியிலிருந்து 5 அடியிலேயே வந்து நிற்கும். √(9 + 16) = 5 என்பதால் வலப்பக்கம் 25 × 5 = 125 இருக்க வேண்டும்.

விடை 4எக்ஸ் + 6ஒய் = 18 என்று வந்தாலும் சரிதான்; எல்லாம் இருமடங்கு, கோடு அதேதான். கொடுத்த புள்ளியைப் போட்டதும் மறுபடி 12ஏ வந்தால், புள்ளி பழைய கோட்டின் மேலேயே இருக்கிறது என்று பொருள். கணக்கில் 'செங்குத்து' என்று இருந்தால் மட்டும் கெழுக்களை இடம் மாற்றி, நடுக்குறியையும் மாற்ற வேண்டும்: 3எக்ஸ் − 2ஒய் = 20.

எக்ஸ் = 5 போன்ற கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை; சாய்வுச் சூத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். (−2, 7) வழியே அதற்கு இணைகோடு எக்ஸ் = −2. அந்த 7க்கு இங்கே வேலையில்லை.