மான் கழுதை அல்ல, ஓட்டிக்கொண்டு போய் விட: வாசகர் கேள்விகள்

கேள்வி: சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் உள்ள புள்ளிமான்களை அப்படியே சேர்வராயன் அடிவாரக் காட்டில் விட்டால் என்ன? பரிசோதனை எதற்கு? (வாசகர், அஸ்தம்பட்டி)

அடைப்பில் நெருக்கமாக வளர்ந்த மானிடம் காசநோய் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். ஆகவே ஒரு மாதமாவது தனியே அடைத்து வைத்து ரத்தமும், குடற்புழுவுக்காகப் புழுக்கையும் பார்க்க வேண்டும். புழுக்கை விழுந்த சூட்டோடு, மண் ஒட்டாததாக எடுங்கள். 4 கிராமை 56 மி.லி. செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி, மெக்மாஸ்டர் கண்ணாடியின் (நுண்ணோக்கியில் முட்டை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி) இரு அறைகளிலும் தெரியும் புழு முட்டைகளை எண்ணி 50-ஆல் பெருக்கினால், ஒரு கிராமுக்கு எத்தனை என்று கிடைக்கும். மாதிரியை வெயிலில் வைத்தால் முட்டை பொரித்துக் கணக்கு குறைந்துவிடும். குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். முட்டையே இருக்கக் கூடாது என்று அடம்பிடிக்கவும் வேண்டாம், புழு இல்லாத காட்டு மான் ஏது?

கேள்வி: பிடிக்கும்போது நன்றாக இருந்த மான் இரண்டு நாள் கழித்துச் சாவது ஏன்? (வாசகி, ஏற்காடு)

துரத்தியதால்தான். ஓடி மிரண்டதில் தசை சிதைந்து, அதிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கால் விறைக்கும், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகும். அந்தக் கட்டத்தில் மருந்து பெரிதாகக் கைகொடுக்காது. புனல் வடிவத்தில் துணி மறைப்பு கட்டி, பல நாள் தீவனம் வைத்துப் பழக்கி, விடியற்காலையில் தானாக வண்டிக்குள் நடக்க வைப்பதே நல்ல வழி. மயக்க ஊசி போட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணைக் கட்டி, மார்பு தரையில் படக் கிடத்துங்கள். கழுத்து உயர்ந்தும் மூக்கு தாழ்ந்தும் இருக்கட்டும்; இல்லாவிட்டால் இரைப்பை நீர் நுரையீரலுக்குள் போய்விடும். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தண்ணீர் ஊற்றி, மயக்கத்தைத் தெளிவிக்கும் மாற்று மருந்து கொடுத்து எழுப்பிவிட வேண்டும்.

கேள்வி: இடம் மாற்றி விட்ட காட்டெருமையைக் கண்காணிக்க, கழுத்தில் ரேடியோ காலர் (இருப்பிடம் காட்டும் பட்டை) மாட்டினால் போதாதா? (வாசகர், நாகலூர்)

2011-இல் மத்தியப் பிரதேசத்தின் கானா புலிகள் காப்பகத்திலிருந்து அதே மாநிலத்தின் பாந்தவ்கர் காப்பகத்துக்கு 19 காட்டெருமைகளைக் கொண்டுபோனார்கள், அடுத்த ஆண்டு இன்னும் 31. காலர் இருக்குமிடத்தைச் சொல்லும், நோயைச் சொல்லாது. காலராலேயே தொல்லை வருவதும் உண்டு: 2023 மழைக்காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் சில சிவிங்கிப்புலிகளுக்குக் காலரை ஒட்டிக் கழுத்தில் புண்ணாகிப் புழு வைத்தது, காலர்களைக் கழற்ற வேண்டியதாயிற்று.

விலா எலும்பு தெரிகிறதா, நொண்டுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். கடைசி இரண்டும் சேர்ந்து வந்தால் கோமாரியைச் சந்தேகிக்கலாம். எஸ்டேட் குட்டையில் ஊர் மாடும் காட்டெருமையும் ஒரே தண்ணீரைக் குடிக்குமானால், தடுப்பூசி போட வேண்டியது ஊர் மாட்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. செத்துக் கிடந்தால் வயிறு உப்பி நாறும் முன் பிரேதப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஆனால் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் கத்தி வைக்கவே கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு விதையாகி மண்ணில் பல ஆண்டு கிடக்கும். கால்நடை மருத்துவர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பார். அதுவரை யாரையும் கிட்டே விடாதீர்கள், நாயையும்.