இலக்கியமும் வரலாறும் ஆய்வோருக்கு நிரலாக்கம் எதற்கு?

இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினியின் துணையோடு ஆராய்வதே டிஜிட்டல் மானுடப்புல ஆய்வு. ஆயத்த மென்பொருள் அதை ஆக்கியவர் எண்ணிப்பார்த்த கேள்விகளுக்கு மட்டுமே விடை தரும் என்பதால், தம் கேள்வியைத் தாமே கேட்க விரும்புவோருக்கு நிரலாக்கம் (கணினிக்கான கட்டளைகளை எழுதுதல்) தேவைப்படுகிறது. ஆயத்த ஆடைக்கும் அளவெடுத்துத் தைத்ததற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. 'கல்' என்று தேடினால் கல்வியும் கல்லூரியும் சேர்ந்தே வரும். அவற்றை விலக்கி, 'கல்லை', 'கல்லில்' ஆகியவற்றை மட்டும் சேர்க்கும் விதியைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுத முயலும்போதுதான், சொல் என்று எதைக் கொள்கிறோம் என்பதே தெளிவாகிறது (என் கணிப்பில், பெரும்பயன் இதுவே). இத்தகைய முயற்சி புதிதன்று: இடைக்காலக் கிறித்தவ மெய்யியலாளர் தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கெங்கு வருகிறது என்னும் பட்டியல்) செய்ய 1949-இல் ஐபிஎம் நிறுவனத்தை நாடிய பாதிரியார் ரொபர்தோ பூசா, துளைகளால் தகவலைப் பதியும் துளையட்டைகளைக் கொண்டே தொடங்கினார். கணிதப் புலமை இல்லாதவர் நிரலாக்கம் கற்க இயலாது என்பது தவறான எண்ணம்: கோப்பைத் திறத்தல், சொற்களைப் பிரித்தல், எண்ணுதல் ஆகிய தொடக்கப் பணிகளுக்குப் பள்ளிக் கணக்கே போதும்.