கணினிக் கேள்வி-பதில்: ஏஐ ஓட்டும் பிரவுசர்

கிளாட் ஏஐயின் கணினிச் செயலியான கிளாட் டெஸ்க்டாப்பில், ஏஐ பிரவுசரை இயக்க உதவும் பிளேரைட் எம்சிபி சர்வரைச் சேர்த்தேன். ‘சர்வர் டிஸ்கனெக்டட்’ என்றே வருகிறது. விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன்.
– வாசகர், ஈரோடு

அந்த சர்வர் ஓடத் தேவையான நோட் ஜேஎஸ் மென்பொருளின் பதிப்பை முதலில் பாருங்கள். 18-க்குக் குறைவாக இருந்தால் ஓடாது. அது சரியென்றால் கோளாறு பெரும்பாலும் சர்வர் விவரங்களை எழுதும் கான்ஃபிக் ஃபைலில்தான். செட்டிங்ஸ், டெவலப்பர், ‘எடிட் கான்ஃபிக்’ என்று போனால் அது கிடைக்கும். சர்வரைக் கிளப்பும் ‘என்பிஎக்ஸ்’ என்பது விண்டோஸில் இஎக்ஸ்இ ஃபைல் அல்ல, ஒரு ஸ்கிரிப்ட். அதனால் நேரடியாகக் கூப்பிட்டால் சில சமயம் கிளம்பாது. கமாண்ட் இடத்தில் ‘சிஎம்டி’ என்று போட்டு, ஆர்க்ஸ் பட்டியலில் ‘ஸ்லாஷ் சி’, ‘என்பிஎக்ஸ்’, பேக்கேஜ் பெயர் மூன்றையும் தனித்தனி மேற்கோள்களில் கொடுங்கள். கடைசிச் சொல்லுக்குப் பின் ஒரு கமா மிஞ்சினாலும் ஜேசன் (அந்த ஃபைலின் எழுத்து வடிவம்) படுத்துவிடும். திருத்திய பிறகு விண்டோவை மூடினால் மட்டும் போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளாட் ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘குவிட்’ கொடுத்துவிட்டு மீண்டும் திறவுங்கள்.

ஏஐ திறக்கும் குரோமில் என் லாகின் எதுவுமே இல்லை. நான் தினமும் பயன்படுத்தும் குரோமையே கொடுக்கலாம் என்று, வெளி புரோகிராம்கள் குரோமை இயக்க வழிவிடும் 9222 போர்ட்டைத் திறந்தேன். இணையவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

இணையாது. 2025-இல் வந்த குரோம் 136 முதல், உங்கள் லாகின்கள் இருக்கும் வழக்கமான புரொஃபைல் ஃபோல்டரில், அந்தப் போர்ட்டைத் திறக்கும் ‘ரிமோட் டீபக்கிங் போர்ட்’ ஸ்விட்சைக் குரோம் கண்டுகொள்வதில்லை. குக்கீ திருடும் மால்வேர்கள் அதே வாசல் வழியாக நுழைந்ததால் அடைத்துவிட்டார்கள். யூசர் டேட்டா டைர் ஸ்விட்சில் வேறு ஃபோல்டரைக் கொடுத்தால் போர்ட் திறக்கும். திறந்ததா என்று பார்க்க, 127.0.0.1:9222 என்ற முகவரிக்குப் பின்னால் ‘ஸ்லாஷ் ஜேசன் ஸ்லாஷ் வெர்ஷன்’ சேர்த்துப் பிரவுசரில் தட்டுங்கள். குரோம் பதிப்பு எண் வந்தால் சரி.

ஆனால் உங்களுக்கு அந்தப் போர்ட்டே தேவையில்லை என்பேன். அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. உங்கள் கணினியில் ஓடும் எந்த புரோகிராமும் அதில் தொற்றிக்கொள்ளலாம். பிளேரைட் தனக்கென்று ஒரு புரொஃபைல் வைத்திருக்கிறது. அது திறக்கும் விண்டோவில் நீங்களே ஒருமுறை லாகின் செய்துவிட்டால், அடுத்த முறையும் அது நீடிக்கும். ‘ஐசொலேட்டட்’ ஆப்ஷன் போட்டிருந்தால் மட்டும் மூடியதும் அழிந்துவிடும். கான்ஃபிக் ஃபைலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலைக்கு வேண்டிய தளங்களில் மட்டும் லாகின் செய்யுங்கள். நெட் பேங்கிங், முதன்மை ஜிமெயில் இரண்டும் அங்கே வேண்டவே வேண்டாம். ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒளித்து வைத்த வாசகத்தைக்கூட ஏஐ உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்கும் பெட்டி தொல்லைதான். இருந்தாலும் ‘ஆல்வேஸ் அலவ்’ கொடுத்துவிடாதீர்கள்.

பிளேரைட் சர்வர் என் கணினியில்தானே ஓடுகிறது? பக்கத்தில் உள்ள விவரம் வெளியே போகாது அல்லவா?
– வாசகர், கோவை

போகும். உள்ளூர் சர்வர் பிரவுசரை இயக்கும் கை மட்டுமே. பக்கத்தின் எழுத்துகள், பட்டன் பெயர்கள், கட்டத்தில் நிரப்பியவை எல்லாம் ஏஐ மாடல் ஓடும் இடத்துக்குப் போய்ச் சேரும். மாடலும் உங்கள் கணினியிலேயே ஓடினால்தான் அவை வீட்டுக்குள் நிற்கும்.