கேத்தில் அடியில் 21 இலட்சம் வாற்று வெப்பம் பாயுமா?

அடுப்பில் இருக்கும் அலுமினியக் கேத்திலுக்கு வெப்பக் கடத்தல் சூத்திரத்தைப் போட்டால் நம்ப முடியாத விடை வருகிறதே, எங்கே பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. உயர்தர வகுப்பில் எல்லாரும் ஒருமுறையாவது கேட்க வேண்டியது.

உங்கள் பெருக்கலில் பிழையில்லை. சூத்திரம் இதுதான்: ஒரு விநாடியில் பாயும் வெப்பம் (வெப்பவீதம்) = வெப்பக் கடத்தாறு × பரப்பு × வெப்பநிலை வித்தியாசம் ÷ தடிப்பு. கடத்தாறு என்பது ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்பதைச் சொல்லும் எண். அலுமினியத்தின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 200, அடியின் பரப்பு 0.03 சதுர மீற்றர், தடிப்பு 2 மில்லிமீற்றர். சுவாலை 800 பாகை, கொதிநீர் 100 பாகை என்று போட்டால் 21 இலட்சம் வாற்றுத்தான் வரும். அது உண்மையென்றால் ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகிவிடும். வீட்டுக் காஸ் அடுப்பு தருவதோ 2000 வாற்று அளவுதான்.

பிழை, 800இலிருந்து 100ஐக் கழித்து எடுத்த அந்த 700 பாகை வித்தியாசத்தில் இருக்கிறது. சூத்திரம் கேட்பது திண்மத்தின் இரண்டு முகங்களின் வெப்பநிலையை. சுவாலையின் வெப்பநிலையை அல்ல. சுவாலைக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய வாயுப் படலம் ஒன்று இருக்கிறது. வாயு மிக மோசமான கடத்தி, காற்றின் கடத்தாறு 0.025 அளவுதான். 700 பாகையில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும். உலோகக் கோலின் ஒரு முனையை நீராவியால் சூடாக்கிக் கடத்தாறை அளக்கும் சேளின் பரிசோதனையில், நீராவி 100 பாகை என்று தெரிந்தும், கோலிலேயே துளை போட்டு வெப்பமானிகளைச் செருகுவது இதனால்தான்.

சரி, இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அடுப்பு வெப்பத்தில் பாதி, 1000 வாற்று, அடியினூடாகப் போகிறது என்று வையுங்கள். அலுமினியத்தின் இரு முகங்களுக்கும் இடையில் வரும் வித்தியாசம் 0.33 பாகை மட்டுமே!

அப்புறம் கேத்திலுக்குள்ளே பாருங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கொதிக்கக் கொதிக்க அடியில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு 1 மில்லிமீற்றர், அதன் கடத்தாறு 1 என்று எடுத்தால், அதே 1000 வாற்றுக்கு 33.3 பாகை வித்தியாசம் தேவை. உறுதிநிலையில், அதாவது வெப்பநிலைகள் மாறாமல் நிற்கும்போது, அலுமினியம், படிவு என்ற இரண்டு படைகளிலும் ஒரே வெப்பவீதம் பாய்வதால், தடிப்பைக் கடத்தாறால் வகுத்த பெறுமானம் எந்தப் படையில் பெரிதோ அங்கேதான் வெப்பநிலை அதிகம் விழும். படிவின் தண்ணீரைத் தொடும் முகம் 100 பாகை என்றால், படிவும் அலுமினியமும் தொடும் இடம் 133.3, அடியின் வெளிமுகம் 133.7. பரீட்சையில் வரும் கூட்டுக்கோல் (இரண்டு பொருள்களை முனையோடு முனை இணைத்த கோல்) கணக்கும் இதேதான். விடை வந்ததும் வாற்றுப் பெறுமானத்தை ஒரு அடுப்போடோ மின்குமிழோடோ ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.