கொள்ளிடக் கரை ஊருக்கு வெள்ள எச்சரிக்கையை எப்படி எழுதுவது?

வணக்கம் ஐயா. மேட்டூர் உபரிநீர் குறித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பிய இருபது வரிச் செய்தியைப் பாதிப்பேர் படிக்கவில்லை என்றும், படித்தவர்கள் அணையே உடைந்துவிட்டதாகப் பதறினார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம், "மதகுகள் தாங்குமா" என்ற உங்கள் ஒரு வரிதான் என்று நினைக்கிறேன். திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் மதகுகள் உடைந்ததை நினைவில் வைத்திருக்கும் மக்களிடம், அதிகாரிகள் சொல்லாத ஓர் ஐயத்தை நாம் எழுப்பவே கூடாது. கன அடிக் கணக்கும் தேவையில்லை. எத்தனை ஆயிரம் கன அடி வந்தால் தம் படித்துறையில் எத்தனை படி மூழ்கும் என்பது பலருக்குத் தெரியாது.

நானாக இருந்தால் இவ்வளவே எழுதுவேன்: "இன்றிரவு கொள்ளிடத்தில் தண்ணீர் கூடும். படுகையில் கட்டிய மாடுகளை மாலை 5 மணிக்குள் மேட்டுக்கு ஓட்டி வாருங்கள். ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம். உதவிக்கு 1077. அடுத்த செய்தி இரவு 8 மணிக்கு." சொன்ன நேரத்தில், மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும், "நிலைமை அப்படியே உள்ளது" என்றாவது அனுப்பிவிடுங்கள், செய்தி வராத இடைவெளியில்தான் வதந்தி நுழைகிறது.

கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கத்தில் மின்சாரமின்றி, டிராக்டர் பேட்டரியில் கைபேசிக்குச் சிறிது உயிரேற்றிக்கொண்டிருந்த நாட்களில், "எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், நலம்" என்று வந்த ஒரே வரியை என் அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சுருக்கமான செய்தியின் வலிமை அது. கைபேசி இல்லாத வீடுகளுக்கு, மேலே நான் எழுதிய எச்சரிக்கை வாசகத்தைக் கோயில் ஒலிபெருக்கியில், ஒரு சொல்லும் மாற்றாமல், இருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.